முன்சக்கரத் திண்ணை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் பால்காரருக்கும் பேப்பர் பையனுக்கும் அடுத்தபடியாக வெளியே தெரிகிற ஆள் நான்தான். இடுப்பில் எண்ணெய்க் கறை படிந்த லுங்கி, கையில் டீ டம்ளர். உட்கார்ந்திருப்பது காரின் முன்சக்கரத்தின் மேல்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வண்டியில் கைவைத்தவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும். பானட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு கொக்கி. அவற்றை விடுவித்துவிட்டு, கண்ணாடிப் பக்கத்து விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட், மூக்கு எல்லாம் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சின் சட்டை கழற்றிய மனிதன் மாதிரி நிற்கும். சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம், பிளாட்டினம் பாயிண்ட்டைத் தேய்க்கலாம், ஒன்றும் செய்யாமல் வேடிக்கையும் பார்க்கலாம். எங்கள் வீட்டுக்குத் திண்ணை கிடையாது. அந்தக் குறை தீர்ந்தது இந்த வண்டி வந்த பிறகுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தேடியது ஹெரால்டு அல்ல, ஃபியட். ஸ்டியரிங்கிலேயே கியர் போடுகிற பத்மினி. நல்ல பத்மினிக்குச் சொன்ன விலை எனக்குக் கட்டவில்லை. கட்டிய விலைக்குக் கிடைத்த பத்மினிகளின் அடித்தளத்தில் கையை விட்டால் மறுபக்கம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் நண்பர் ஒருவர், "மன்னார்குடிப் பக்கம் எங்க சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையில ஒரு ஹெரால்டு கெடக்கு. அதுல கோழி முட்டை போடுது. பாக்குறீங்களா?" என்றார். போய்ப் பார்த்தேன். நான்கு கதவு, 1970 மாடல். பின் சீட்டில் நிஜமாகவே வைக்கோலும் இரண்டு முட்டையும் இருந்தன. ஆர்.சி. புத்தகம் ஒழுங்காக இருந்தது, எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் அதோடு ஒத்துப்போயின. 65,000 ரூபாய்க்கு முடித்தோம். பெரியவர் வண்டியைக் கொடுக்கும்போது கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். "கொட்டகை காலியாச்சு, ரெண்டு மாடு கூட கட்டலாம்" என்றார்.

ரிக்கவரி வண்டியில் ஏற்றிக் குரோம்பேட்டைக்குக் கொண்டுவந்து போர்ட்டிகோவில் இறக்கிய அன்று என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஏங்க, இது எப்ப ஓடும்?" ஆறு மாதம் என்றேன். மூன்று வருஷம் நான்கு மாதம் ஆயிற்று.

இந்த வண்டி நம் ஊர்ச் சரக்கு என்பது பலருக்கு மறந்துவிட்டது. லைசென்ஸ் காலத்தில் இந்தியாவில் கார் என்றால் மூன்றே பெயர்: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட். இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் வந்த வண்டி, 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆனது. தொழிற்சாலை வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம். என் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது, அது நம் ஆட்கள் போட்ட கதவு. லூகாஸ்-டிவிஎஸ்ஸும் அதே 1961-ல்தான் பாடியில் தொடங்கியது. என் வண்டியின் டைனமோவைத் துடைத்துப் பார்த்தபோது அந்தப் பெயர் தெரிந்தது. மெட்ராஸின் ஒரு கோடியில் பிறந்த டைனமோ, இன்னொரு கோடியில் பிறந்த காரில் ஏறி, மன்னார்குடிக் கோழியோடு குடும்பம் நடத்திவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

எங்கள் பகுதியிலேயே அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு மாமா இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பழக்கூடையோடு போனேன். ஏதாவது ரகசியம் கிடைக்கும் என்ற ஆசை. அவர் இருந்தது பெயிண்ட் ஷாப்பில். வண்டியைப் பற்றி அவருக்கு நினைவிருந்தது நிறங்களும் தின்னர் வாசனையும்தான். கேண்டீன் சாம்பாரைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார். 1985-ல் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் 2000 கார் எடுபடாமல் போய், 1988-ல் தொழிற்சாலை மூடியதைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றி, "ஆப்பிள் எவ்வளவு தம்பி இப்ப?" என்றார். நானும் மேலே கேட்கவில்லை.

ஹெரால்டு வீட்டில் பழுதுபார்க்க ஏற்ற வண்டி. அது அப்படி ஆனதற்கு ஒரு வியாபாரச் சண்டை காரணம். ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ தொழிற்சாலையை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. பாடி இல்லாமல் கார் ஏது? மற்றக் கம்பெனிகள் எல்லாம் பாடியையும் சேஸிஸையும் ஒன்றாக்கி முழுக்கூடாக வெல்டிங் செய்யப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், இவர்கள் பழைய முறைக்குத் திரும்பினார்கள். தனி சேஸிஸ். அதன்மேல் துண்டுதுண்டாக பாடி, வேறுவேறு சின்னப் பட்டறைகளில் செய்து வாங்கி, போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளலாம். உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிகெலோட்டி. அன்றைக்கு அவர்களுக்கு வந்த நெருக்கடியால் இன்றைக்கு எனக்கு லாபம்: கூரை, டிக்கி, முன்மூக்கு எல்லாமே ஸ்பேனருக்கு அடங்கும்.

ஸ்பேனர் என்றதும் முதல் அவமானம் நினைவுக்கு வருகிறது. என்னிடம் இருந்த செட் முழுக்க மில்லிமீட்டர். வண்டியில் இருப்பது இஞ்ச் அளவு. அரை இஞ்ச் நட்டுக்கு 13 மி.மீ. ஸ்பேனர் உட்காரும், ஆனால் லேசாக ஆடும், 12.7-க்கும் 13-க்கும் உள்ள அந்த 0.3 மி.மீ. ஐம்பது வருஷத் துரு ஏறிய நட்டின் ஆறு மூலையையும் வழித்து உருண்டையாக்கிவிடும். முதல் சனிக்கிழமையே நான்கு நட்டுகளை உருண்டையாக்கினேன். 11 மி.மீ. ஸ்பேனர் 7/16-க்கு முட்டிக்கொண்டு ஏறாது. 19 மட்டும் முக்கால் இஞ்சுக்குச் சமர்த்தாகப் பொருந்தும். புதுப்பேட்டையில் பழைய இஞ்ச் ஸ்பேனர்களை எடைபோட்டு வாங்கி வந்தேன். கடைக்காரர் என் விரல்களில் இருந்த பிளாஸ்திரிகளைப் பார்த்துவிட்டு, "மில்லில போட்டுப் பாத்தீங்களா சார்?" என்று சிரித்தார்.

இரண்டாவது அவமானம் போட்டோ எடுக்காமல் கழற்றியது. கதவின் உள்பக்கம், டேஷ்போர்டு, ஒயரிங் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் உற்சாகமாகப் பிரித்து, போல்ட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டுவைத்தேன். லேபிள் ஒட்டவில்லை. கழற்றுவது ஒரு வெறி. ஒவ்வொரு வாரமும் வேலை நடந்த மாதிரியே தெரியும். எட்டு மாதம் கழித்து அந்தப் பாட்டில்களைக் கொட்டிப் பார்த்தபோது, நெல்லும் உளுந்தும் கலந்த மூட்டையைப் பிரிக்கிற மாதிரி இருந்தது.

துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று வருஷத்தில் ஒன்றரை வருஷம் அதற்குத்தான் போனது. கொட்டகையில் நின்ற வண்டிக்கு மழைநீரைவிட மாட்டுச் சாணமும் மூத்திரமும் பெரிய எதிரி. வலது பக்கம் சேஸிஸிலிருந்து பாடியைத் தாங்க நீட்டிக்கொண்டிருக்கும் கைகள் இரண்டும் வடிகட்டி மாதிரி ஆகியிருந்தன. பெரிய வெல்டிங்கை நான் தொடவில்லை. பல்லாவரத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாயை அழைத்து வந்தேன். அவர் வந்ததும் சுத்தியல் முனையால் ஒவ்வொரு இடமாகத் தட்டி, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனார். 'டங்' என்றால் இரும்பு, 'தப்' என்றால் பட்டி. "சார், இந்தக் கதவுல இரும்பைவிட பட்டிதான் ஜாஸ்தி" என்றார். முன்பு யாரோ ஒரு பட்டறையில் ஓட்டையை அடைக்காமல் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து அதன்மேல் பட்டி பூசியிருந்தார்கள். சுரண்டியபோது தாள் வெளியே வந்தது, எழுத்து மட்டும் மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தால் எந்த வருஷத்து அயோக்கியத்தனம் என்றாவது தெரிந்திருக்கும்.

சின்னச் சின்னச் சாமான்களின் துருவுக்கு நான் செய்த வைத்தியம் மின்சாரக் குளியல். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், அதில் சலவைச் சோடா நாலைந்து கைப்பிடி. துருப்பிடித்த சாமானை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் ஒயரில் கட்டித் தொங்கவிட வேண்டும். பாசிட்டிவ்வில் ஏதாவது வேண்டாத இரும்புத் தகடு. இரண்டும் தொடக்கூடாது. ராத்திரி முழுக்க நுரைத்துக்கொண்டிருக்கும். காலையில் எடுத்து பிரஷ்ஷால் தேய்த்தால் துரு கறுப்புச் சேறாக வழிந்துவிடும், நல்ல இரும்பு அப்படியே இருக்கும். இரண்டு எச்சரிக்கை. வருகிற நுரை ஹைட்ரஜன், அதனால் மூடிய அறையில் வைக்காதீர்கள், பக்கத்தில் பீடியும் வேண்டாம். பாசிட்டிவ்வில் எவர்சில்வர் கட்டாதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் கரைந்து தண்ணீரே விஷமாகும். என் மனைவியின் பழைய எவர்சில்வர் தட்டு தப்பியது இந்த ஒரு விஷயத்தைப் படித்துவிட்டுத் தொடங்கியதால்.

இனி டிரன்னியன். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் குழந்தைகளைப் பற்றி விசாரிப்பதற்கு முன் இதைப் பற்றித்தான் விசாரிப்பார்கள்.

முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை டிரன்னியன் என்கிற ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கட்டிக்குள் திருகாணி மாதிரி ஏறி இறங்கும். நல்ல யோசனைதான், இந்த வண்டி 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்றால் அதற்கு இந்த முன்சக்கர அமைப்பும் ஒரு காரணம். எங்கள் தெருவின் முட்டுச்சந்தில் பெரிய வண்டிகள் நான்கு முறை முன்னும் பின்னும் போய்த் திரும்புகிற இடத்தில் இது ஒரே வீச்சில் திரும்பும்.

ஆனால் அந்த வெண்கலக் கட்டிக்குள் போக வேண்டியது எண்ணெய். கியர் பாக்ஸுக்கு ஊற்றும் 90 நம்பர் கியர் ஆயில். நம் ஊரில் நிப்பிளைப் பார்த்தால் கை தானாக கிரீஸ் கன்னைத் தேடும். தப்பும் சொல்ல முடியாது, லாரியிலிருந்து அம்பாசிடர் வரை அதுதான் வழக்கம். கிரீஸ் கெட்டியானது, மரையின் இண்டு இடுக்குகளில் ஏறாது; கீழேயே உறைந்து நிற்கும். மேலே காய்ந்த மரையில் தண்ணீர் இறங்கித் துருவேறி, ஒருநாள் தண்டு மரை தொடங்கும் இடத்தில் முறியும். முறிந்தால் சக்கரம் மடங்கி, வண்டி முட்டி போட்டு உட்கார்ந்துவிடும். "ஹெரால்டா? முன்சக்கரம் கழண்டுக்குமே சார்!" என்று வண்டிக்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பங்கு இந்தக் கிரீஸுக்கு உண்டு என்பது என் கட்சி.

என் வண்டியில் கழற்றியபோது வலது பக்கத்துக் கட்டியிலிருந்து வந்த கிரீஸ், கருப்பட்டிப் பாகு முற்றிப்போன பதத்தில் இருந்தது. இடது பக்கம் தண்டில் மயிரிழைக்கு ஒரு விரிசல். மாற்றாமல் விடமுடியாது. நல்லவேளை, இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் இதே அமைப்பைக் கொண்டது. அதற்கு அங்கே இன்னும் ரசிகர் கூட்டம் இருப்பதால் சாமான்கள் புதிதாகவே கிடைக்கின்றன. வரவழைத்தேன். சாமானின் விலையைவிடக் கப்பலும் கஸ்டம்ஸும் தின்றது ஜாஸ்தி. பெட்டியைப் பிரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்தியோடு மாட்ட உட்கார்ந்தால், இடது பக்கம் ஏறிய கட்டி வலது பக்கம் ஏறவே மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு புரிந்தது. இரண்டு பக்கமும் எதிரெதிர் மரை. ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. நான் வாங்கியது இரண்டும் ஒரே பக்கத்துக்கு. ஆர்டர் போட்டது நான்தான் என்பதால் திட்டவும் ஆளில்லை. மறுபடி கப்பல், மறுபடி கஸ்டம்ஸ், ஏழு வாரம்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் விடுகிறேன். அதற்கென்றே ஒரு கிரீஸ் கன்னில் கியர் ஆயில் நிரப்பி வைத்திருக்கிறேன். அது எல்லா மூட்டிலும் ஒழுகும். அதைத் தூக்கிக்கொண்டு நான் போகிற பாதையைச் சொட்டுகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று வீட்டில் புகார்.

பின்பக்கக் கமானைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். லாரியில் கமான் பட்டை சக்கரத்துக்கு ஒன்றாக நீளவாக்கில் இருக்கும். இதில் ஒரே கமான், குறுக்கே, டிஃபரன்ஷியல் முதுகின் மேல் சுமைதாங்கிக் கல் மாதிரி. சக்கரங்கள் பறவைச் சிறகு மாதிரி தனித்தனியாக மேலும் கீழும் போகும். வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். 1970களில் வந்த ஸ்டாண்டர்ட் கேஸலில் இதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்ஸில் போட்டார்கள். என் வைத்தியம் எளிது: வேகமாகப் போவதில்லை.

இந்த இடத்தில்தான் மாடிஃபிகேஷன் கதை வருகிறது. பழைய வண்டியை வாங்கியதுமே இரண்டு கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒரு கட்சி, கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டும், ஸ்குரூ தலைகூட மாறக்கூடாது என்பார்கள். இன்னொரு கட்சி என் அத்தை மகன் மாதிரி: "மச்சான், மாருதி எஞ்சினைத் தூக்கி உள்ள வை, பவர் ஸ்டியரிங் போடு, ஏசி போடு, அலாய் போட்டு எறக்கிவிடு. செமையா இருக்கும்." அவன் சொன்னபடி எல்லாம் செய்தால் மிஞ்சப்போவது மிகெலோட்டியின் தகரம் மட்டும்தான். அதற்குள் ஒரு மாருதி உட்கார்ந்திருக்கும்.

சட்டமும் அத்தை மகன் பக்கம் இல்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். எஞ்சினை மாற்றுவதற்கு முறைப்படி அனுமதி வாங்க வழி உண்டு. ஆனால் 948 சி.சி. எஞ்சின் இல்லாத ஹெரால்டு எனக்கு எதற்கு?

அதற்காக நான் முதல் கட்சியிலும் சேரவில்லை. 1970-ல் மெட்ராஸ் ரோட்டில் எத்தனை வண்டி? இன்று வேளச்சேரி சிக்னலில் மழை இரவில் நின்றால் ஹெட்லைட், வைப்பர், இண்டிகேட்டர் மூன்றும் ஓட வேண்டும்; எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் தராது, பேட்டரிதான் செத்துக்கொண்டிருக்கும். அதனால் எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஸ்பேனரால் செய்து ஸ்பேனராலேயே திருப்பக்கூடிய மாற்றம் செய்யலாம். கட்டிங் மெஷினோ வெல்டிங்கோ தேவைப்படுகிற மாற்றம் வேண்டாம். எதைக் கழற்றினாலும் துடைத்துப் பரணில் வைக்க வேண்டும்.

அப்படிப் போட்ட முதல் மாற்றம் ஆல்டர்னேட்டர். மாருதி 800-இல் இருப்பதுதான், ஒரு பிராக்கெட் லேத்தில் செய்து மாட்டிக்கொண்டேன். மாட்டுவதற்கு முன் உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பார்க்காமல் மாட்டினால் ஆல்டர்னேட்டர் டயோடு கண்ணெதிரே புகையாகும். அடுத்தது ஹெட்லைட்டுக்கு ரிலே. டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக முழுக் கரண்டும் ஓடி, சுவிட்ச் தோசைக்கல் மாதிரி சுட்டுக்கொண்டிருந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டு ரிலேயும் ஹோல்டரும் வாங்கி வந்து ஒரு மத்தியானத்தில் முடித்தேன். மூன்று வருஷத்தில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு வித்தியாசம் தந்த வேலை வேறில்லை. விளக்கு மங்கலாக இருக்கிறதென்று பல்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள்.

பெட்ரோல் டியூபுகள் அடுத்தது. 2023 பிப்ரவரி முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கிவிட்டது. பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது; ஊறி, உப்பி, வெடிக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், வாரம் ஒருநாள் ஓடுகிற வண்டியின் இரும்பு டேங்கில் அது நல்லதல்ல. எல்லா டியூபையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன். ஹெட்டைக் கழற்றியிருந்தபோதே வால்வு சீட்டுகளையும் கெட்டி இரும்பில் போட்டுவிட்டேன். 2000 பிப்ரவரியோடு நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. அந்த ஈயம்தான் அந்தக் காலத்து எஞ்சின்களின் வால்வு சீட்டுக்கு மெத்தையாக இருந்தது. பரணில் வைக்க முடியாத மாற்றம்தான் இது, ஆனால் வெளியே தெரியாது, வண்டிக்கும் ஆயுசு.

விதியை வெளிப்படையாக மீறியது ஓர் இடத்தில். முன்சீட் பெல்ட். என் வண்டியின் தரையில் அதற்கு இடமே இல்லை. பாயை அழைத்து, அடியில் தடித்த பிளேட் வைத்து, துளை போட்டோம். ஒரிஜினல் கட்சி நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். என் மகள் அந்த சீட்டில்தான் உட்காருவாள் என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இது ஒற்றை லைன் பிரேக். நான்கு சக்கரத்தில் எங்கே ஒழுகினாலும் நான்கும் போய்விடும். எல்லா வீல் சிலிண்டரையும் லேத்தில் ஸ்லீவ் போட்டு, புது கிட், புது டியூப். பழைய மெக்கானிக் ஒருவர் ரப்பரை பெட்ரோலில் கழுவப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். பெட்ரோல் பட்ட ரப்பர் உப்பிப் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும்.

பெயிண்ட் வெளியே கொடுத்து அடித்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பில்லைத் தவிர.

எஞ்சின் முதல்முறை கிளம்பியது ஒரு ஞாயிறு மாலை. பாயிண்ட் இடைவெளி 0.015 இஞ்ச், வால்வுக்கு 0.010, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, எல்லாம் சரி. கிளம்பவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து பக்கத்து வீட்டுப் பையன், பிளஸ் டூ படிப்பவன், எட்டிப் பார்த்து, "அங்கிள், பெட்ரோல் டேப் மூடியிருக்கே" என்றான். திறந்தேன். இருமி, பின்னால் ஒருமுறை வெடித்து, ஓடத் தொடங்கியது. சைலன்சரிலிருந்து முதலில் வந்தது வைக்கோல்.

எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போன கதையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் விண்டேஜ் பதிவு என்று தனி வழி வந்திருக்கிறது; புதுப் பதிவானால் வி.ஏ. எழுத்தோடு நம்பர் பிளேட் உண்டு. எனக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். நான் இதில் காய்கறி வாங்கப் போக வேண்டும். அதனால் சாதாரணப் புதுப்பித்தல்தான். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆகியிருந்தது, கட்டினேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா இளவயது. ஹெரால்டை நேரில் பார்த்ததில்லை என்றார். சேஸிஸ் நம்பரைப் பார்க்க பானட்டைத் திறக்கச் சொன்னார். கொக்கியை எடுத்து மூக்கை முழுசாகக் கவிழ்த்ததும் இரண்டடி பின்னால் போனார். வரிசையில் நின்ற ஆட்டோ டிரைவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒருவர், "எங்க மொதலாளிகிட்ட இருந்துச்சு சார் இது, முன்சக்கரம் கழண்டுக்கும்" என்று ஆரம்பித்தார். நான் டிரன்னியனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இன்ஸ்பெக்டர் அம்மா கையெழுத்தைப் போட்டுவிட்டு, "சார், நீங்க பேசிட்டு வண்டிய ஓரமா எடுத்துக்குங்க" என்றார்.

இப்போது மீதி இருப்பது பின்கண்ணாடி ரப்பர். மழை பெய்தால் டிக்கியில் ஒரு சொம்பு தண்ணீர் நிற்கிறது. புது ரப்பர் வந்துவிட்டது, கயிறு வைத்து இழுத்து மாட்ட இரண்டு ஆள் வேண்டும். ஐப்பசி வருவதற்குள் முடிக்க வேண்டும். குரோம்பேட்டைப் பக்கம் யாராவது சனிக்கிழமை சும்மா இருந்தால் வாருங்கள். டீ உண்டு, உட்கார இடமும் உண்டு, இடது பக்கச் சக்கரம் காலியாகத்தான் இருக்கிறது.